வந்தியின் பங்கு

மதுரையின் செல்லூர்க் கண்மாய் நிரம்பினால் மறுகால் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியே வைகைக்குப் போகவேண்டும். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் 15 நிமிடத்தில் 4.5 செ.மீ. மழை கொட்டியபோது, அந்தத் தண்ணீர் கட்டபொம்மன் நகர் வீடுகளுக்குள் போனது. அடுத்த சில நாட்களில், கண்மாயிலிருந்து வைகைக்கு 290 மீட்டர் நீளத்தில் சிமெண்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாயை அரசு அறிவித்தது.

இத்தகைய வெள்ளத்தைக் கையாளக் கற்பிக்கும் பேரிடர் மேலாண்மை இன்று முதுகலைப் படிப்பு. டாடா சமூக அறிவியல் கழகத்தில் பட்டமாகப் படிக்கலாம். இக்னோவில் அஞ்சல் வழியில் பட்டயமாகப் படிக்கலாம். அதன் அரிச்சுவடி இது: மழை பேரிடர் ஆகாது. மழை பெய்யும் இடத்தில் மனிதர் இருந்து, அவர்களுக்குத் தாங்கும் வலுவும் இல்லாதபோதுதான் அது பேரிடர்.

மதுரைக்காரருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில், சிவன் பிட்டுக்கு மண் சுமந்த கதையாக அதை ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறோம். வைகை கரை உடைக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு அனுப்ப ஆளில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசி, சிவனாகிய சொக்கனே மண் சுமக்க வருகிறான்.

நெடுங்காலம் நான் இதைப் பக்திக் கதையாகவே கேட்டிருந்தேன். இப்போது அந்த ஆணைதான் உறுத்துகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் என்பது நியாயமான கணக்குப் போலத் தெரியும். நான்கு பிள்ளை பெற்றவருக்கு அது கால் பங்குச் சுமை. வந்திக்கோ சுமக்கவே முடியாத சுமை. ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்தை 1858இல் வெள்ளைக்கார அரசும் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. இன்று நாம் நிவாரண முகாமையும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியையும் எல்லோருக்கும் பொதுவாக வைக்கிறோம். முகாம்வரை நடக்க முடியாதவர், கைப்பேசி இல்லாதவர், நெசவுத் தறியை விட்டுவிட்டு வர மனமில்லாதவர் ஆகியோரின் பங்கு அப்படியே அடைபடாமல் கிடக்கிறது.

வேலை செய்யாமல் விளையாடிய சொக்கனைப் பாண்டியன் அடிக்க, சொக்கன் முதுகில் விழுந்த பிரம்படி பாண்டியன் முதுகிலும், ஊரார் எல்லோர் முதுகிலும் பட்டதாம். அதை அற்புதம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். கரையில் நின்று பார்த்தவருக்கு அது வெறும் நடைமுறை. வந்தியின் பங்கு உடைந்தால், தன் பங்கை ஒழுங்காக அடைத்தவன் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரும்.

ஆகவே செல்லூர்த் தெருவில் கணக்கெடுக்கப் போகும் பேரிடர் மேலாண்மை மாணவர் முதலில் கேட்கவேண்டியது, இங்கே எத்தனை வீடு என்பதல்ல. அனுப்ப ஆளில்லாத வீடு எது, அதற்காக மண் சுமக்கப்போவது யார் என்பதே. கண்மாய்க் கரை எவ்வளவு உயர்ந்திருந்தாலும், அதன் தாழ்ந்த இடம் எதுவோ அந்த அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கும். ஊரும் அப்படித்தான்.