வாசிக்காத சம்மதம் சம்மதமாகுமா?



களனி கங்கை கடலோடு கலக்கும் எமது முகத்துவாரத்திலே, மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரு தாயாரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். தென்மேற்குக் காற்றின் காலம். வள்ளங்கள் கரையிலே கிடக்கின்றன. பிள்ளையின் படிப்புக்கோ உடனே பணம் வேண்டும். கைத்தொலைபேசியில் ஐந்தே நிமிடத்தில் கடன் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, அக்காள் மகனைக் கூப்பிடுகிறார். திரையிலே ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக நிபந்தனைகள்.

"தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்ல சின்னம்மா, கீழ அமத்துங்க, காசு வந்துரும்."

காசு வந்தது. ஒரு தவணை பிந்தியபோது அவமானமும் வந்தது. அவருடைய தொலைபேசியில் இருந்த இலக்கங்களுக்கெல்லாம், சம்பந்தி வீட்டுக்கும் மகளின் ஆசிரியைக்குங்கூட, "இவர் கடனை ஏமாற்றுபவர்" என்று செய்தி போயிற்று. ஏன் என்று கேட்டால், "நீங்கள் சம்மதித்தீர்களே" என்பதுதான் பதில்.

அது சம்மதந்தானா? கதை கற்பனையே, கேள்வி கற்பனையன்று.

இக்கேள்வி எமது நாட்டுக்குப் புதியதுமன்று. காணியொன்றை விற்பதானால், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க, எழுத்திலே ஒப்பமிடவேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஒப்பமிடுபவர் வாசிக்க இயலாதவராயின், உறுதியை அவருக்கு வாசித்து விளங்கப்படுத்துவது நொத்தாரிசின் கடமை என்றது 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம். ஏழையின் பெருவிரல் அடையாளம் மாத்திரம் போதாது, அவனுக்கு விளங்கியதா என்பதும் முக்கியம் என்பதை அக்காலத்துச் சட்டமே அறிந்திருந்தது அன்றோ?

காலம் மாறியது. கணினி வழியாக வர்த்தகம் வளர்ந்தது. இலத்திரனியல் ஆவணத்துக்கும் ஒப்பத்துக்கும் சட்ட அங்கீகாரம் வழங்கி, 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் பிறந்தது. அது வேண்டியதே. ஆயினும் காணி விற்பனை, மரண சாதனம், அற்றோர்னித் தத்துவம் ஆகியவற்றை அச்சட்டம் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. வீட்டை விரலால் தட்டி விற்க முடியாது. ஆனால் வீட்டாரின் விபரங்களை?

அதற்கு விடையாக 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மதம் சுதந்திரமாகவும், குறித்த நோக்கத்துக்காகவும், விளங்கியும், ஐயத்துக்கு இடமின்றியும் அளிக்கப்படவேண்டும் என்கிறது அச்சட்டம். கொடுத்த சம்மதத்தை மீளப்பெறலாம். மீறுவோருக்கு ஒரு கோடி ரூபாவரை தண்டப்பணம் விதிக்கலாம். இவ்வளவு நல்ல சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சு 18ஆந் திகதி நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் பின்போடப்பட்டன.

வளரும் நாட்டுக்குக் கடுமையான சட்டம் பாரமாகும் என்பர் சிலர். இது வெறும் வாதமன்று. தொலைபேசி வழியாகக் கேக் விற்கும் இளம்பெண் ஒரு சட்டத்தரணியை அமர்த்த முடியுமா? ஆகவே சிறியோருக்குச் சலுகையும் அவகாசமும் கொடுப்பது நியாயமே. ஆனால் அந்த அவகாசத்தின் விலையை மீன்காரத் தாயார் செலுத்துவது எந்த வகையில் நியாயம்?

1891ஆம் ஆண்டில், எம் முன்னோர் சிங்கராயர் என அழைத்த 13ஆம் லியோ பாப்பரசர், 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில் தொழிலாளரின் ஒப்பந்தம் பற்றி எழுதினார். வேறு வழியின்றிக் கடும் நிபந்தனைக்கு இணங்குபவன் உடன்பட்டவனல்லன், பலவந்தத்துக்கு இரையானவன் என்பது அவர் கருத்து. 2025 மே மாதம் திருப்பீடமேறிய 14ஆம் லியோவும், அந்தச் சுற்றுமடலையும் இன்றைய செயற்கை நுண்ணறிவையும் சுட்டிக்காட்டியே தம் பெயருக்குக் காரணம் கூறினார். அன்று ஆலை வாசலில் எழுந்த கேள்வி இன்று தொலைபேசித் திரையில் எழுகிறது.

வழியில்லாமலில்லை. கடன் தரும் செயலிகள் தொலைபேசியிலுள்ள தொடர்பிலக்கங்களைத் தொடலாகாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கட்டளையிட்டது. சம்மதம் கேட்கும் அறிவித்தலைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் வாசிக்க வாய்ப்பளிக்கவேண்டும் என்கிறது அந்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சட்டம். அன்று நொத்தாரிசு செய்த வேலையை இன்று சட்டமே செய்யவேண்டும் என்பதன்றி இதற்கு வேறு பொருளென்ன?

இனி, எமக்கும் ஒரு பங்குண்டு. தொலைபேசியில் இருக்கும் இலக்கங்கள் எமக்கு மாத்திரம் சொந்தமானவையல்ல. சம்பந்தியும் ஆசிரியையும் எம்மை நம்பித் தந்தவை. அவற்றை அவர்களிடம் கேளாமல் கையளிக்க எமக்கு உரிமையுண்டா? சந்திக் கடை முதலாளியின் கடன் கொப்பியிலே தெருவிலுள்ள எல்லாருடைய கடனும் எழுதியிருக்கிறது. நல்ல முதலாளி அதை உரத்து வாசிப்பதில்லை. அந்தக் கண்ணியத்தை நாமும் காக்கவேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆங்கிலம் படித்த பிள்ளைகளே, அடுத்த முறை சின்னம்மா "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்து விளங்கப்படுத்துங்கள். விளங்கியபின் வேண்டாம் என்று அவர் சொன்னாலும் சரியே. அதுவும் அவருடைய சுதந்திரமன்றோ?