ஓட்டில் போட்ட ஓட்டு

அலுவலகத்தில் ஒருவரை மட்டும் சாப்பிடக் கூப்பிடாமல் விடுவதும் 'ஆஸ்ட்ரசைஸ்'தான். ஒரு நாட்டையே மற்ற நாடுகள் ஒதுக்கி வைப்பதும் 'ஆஸ்ட்ரசைஸ்'தான். இந்த ஆங்கில வினைச்சொல்லின் வேர் 'ஆஸ்ட்ரகான்' என்ற கிரேக்கச் சொல். பொருள், பானை ஓடு.

கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் சபையில் ஒரு கேள்வி எழும்: இந்த வருடம் யாரையாவது ஊரைவிட்டு அனுப்பலாமா? சரி என்று முடிவானால், பிறகு ஒருநாள் சந்தைத் திடலில் கூடி, வேண்டாதவர் பெயரை ஓட்டில் கீறிப் போடுவார்கள். மொத்தம் 6000 ஓடுகளாவது சேர வேண்டும் என்கிறார் பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க். அதிக ஓடு விழுந்தவர் 10 நாளில் கிளம்பிவிட வேண்டும். 10 ஆண்டு திரும்பக் கூடாது. குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது. ஆனால் வீடு வாசல், நிலபுலன் எல்லாம் அவருடையதே. கெடு முடிந்ததும் பழைய உரிமைகளோடு திரும்பலாம். நாம் இன்று ஒருவரைத் தள்ளி வைக்கும்போது யார் கெடு சொல்கிறோம்? கணக்குப் பார்த்தால் ஏதென்ஸ்காரர்கள் இளகிய மனசுக்காரர்கள்தான்.

எல்லாம் நேர்மையாக நடந்ததாகவும் சொல்ல முடியாது. 1937இல் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு பழங்கிணற்றிலிருந்து சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளீஸ் என்ற தலைவரின் பெயர். கையெழுத்தோ 14 பேருடையதுதான். எழுதத் தெரியாதவர்களுக்குச் செய்த உதவி என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கென்னவோ அது கட்சி வேலையாகத்தான் படுகிறது. பெயரோடு நிறுத்தாதவர்களும் உண்டு. கிமோன் என்ற தளபதிக்கு விழுந்த ஓடு ஒன்று, எல்பினிகேயையும் கூட்டிக்கொண்டு போய்ச்சேர் என்கிறது. எல்பினிகே அவருடைய சகோதரி; ஊர் வம்பு அந்த ஓட்டிலேயே இருக்கிறது.

இந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியதும் அரசியல் தந்திரம்தான். கி.மு. 417 வாக்கில் நிக்கியாஸ், அல்கிபியாடீஸ் என்ற இரு தலைவர்களில் ஒருவர் ஊரைவிட்டுப் போக வேண்டிய நிலை. எதிரிகளான அவர்கள் ரகசியமாகக் கைகோத்து, தங்கள் ஆட்களின் ஓடுகளை ஹைப்பர்போலஸ் என்ற இன்னொரு அரசியல்வாதி பக்கம் திருப்பிவிட்டார்கள். ஓட்டெடுப்பு நடத்தச் சொல்லித் தூண்டியவரே அவர்தான் என்று ஒரு பேச்சு உண்டு. மாட்டிக்கொண்டவரும் அவரேதான். அதன் பிறகு ஏதென்ஸில் யாரும் ஓடு பொறுக்கவில்லை.