யாரோ வைத்த ஜன்னல்

1896-ல் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் ஒரு பழைய வீட்டை வாங்கியது. சஸெக்ஸில், ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்தில், வைக்கோல் கூரை போட்ட 14-ம் நூற்றாண்டுப் பாதிரியார் வீடு. விலை 10 பவுண்டு! சல்லிசு என்று வாயைப் பிளக்காதீர்கள். பழுது பார்க்க அதைப்போலப் பல மடங்கு ஆனது. சொத்தோடு கடனும் வரும் என்பது காமர்ஸ் படித்த எவனுக்கும் தெரியும்.

என் பி.காம். நண்பனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் இருபது வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, கிராமப்புறத்தில் ஒரு காட்டேஜ் வாங்கினான். கல் சுவர், குனிந்து நுழைய வேண்டிய வாசல், வயசு முந்நூறு. அரசாங்கத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடு. அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றுவது அங்கே கிரிமினல் குற்றம். இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினான். பின்பக்கத்து இரண்டு பிளாஸ்டிக் ஜன்னல்கள் அனுமதி வாங்காமல் வைத்தவை என்பது மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. குற்றம் வைத்தவருடையது. ஆனால் ‘பழையபடி மாற்று’ என்று கவுன்சில் நோட்டீஸ் விட்டால் அது இப்போதைய சொந்தக்காரருக்கு வரும். இதற்குக் காலவரம்பே கிடையாது.

“எவனோ செஞ்ச தப்புக்கு நான் ஏண்டா அழணும்?” என்று போனில் கத்தினான்.

நியாயமான கேள்வி. ஜன்னல் போதாதென்று யாரோ வெளிச்சுவருக்கு சிமெண்ட் வேறு பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். உரிக்க வேண்டியவன் இவன். வரிக்கூத்து தனி. அங்கே புது வீடு கட்டினால் வாட் வரி பூஜ்யம். பழையதைப் பழுது பார்த்தால் பொதுவாக 20 சதவீதம்!

ஆனாலும் கேட்டேன். “முந்நூறு வருஷமா யார் யாரோ கூரையை மாத்தி, சுவரை நிறுத்தி வெச்சிருக்காங்களே, அதுவும் நீ செஞ்சதில்லையே?”

“அதுக்குத்தான் காசு கொடுத்தேனே!”

காசு போனது கடைசி ஆளுக்கு. அதாவது, ஜன்னலைக் கெடுத்தவருக்கு. சுவரைக் காத்தவர்களுக்குச் சல்லிக்காசு போகவில்லை. இதைச் சொன்னதும் கொஞ்சம் அடங்கினான். பிறகு மெதுவாக, “பேசாம வித்துட்டா? எனக்கு மட்டும் யாராவது சொன்னாங்களா?” என்றான்.

மாட்டிக்கொள்வாய் என்று பயமுறுத்தியிருக்கலாம். மாட்டாவிட்டால்?

நான் யோக்கியனில்லை. ஆயில் ஒழுகுவதைச் சொல்லாமல் ஒரு பழைய ஸ்கூட்டரைத் தெருக்கோடிப் பையனிடம் தள்ளிவிட்டவன். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் அவனைத் தூரத்தில் பார்த்தாலே பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடுவேன். ரெண்டு வருஷம் அப்படி நடந்தேன். அந்தக் கதையை நண்பனிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

போன வாரம் மறுபடி போன். மர ஜன்னல் போட அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறானாம். தச்சர் சொன்ன தொகையைச் சொல்லிவிட்டு, பாதியை என்னை அனுப்பச் சொன்னான்.