ஊற்றுக்குப் போன எலிசா



இன்றைய வாசகங்களில் இல்லாத ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன். அரசர்கள் இரண்டாம் நூல், இரண்டாம் அதிகாரம். எரிகோ ஊர்க்காரர்கள் இறைவாக்கினர் எலிசாவிடம் முறையிடுகிறார்கள். ஊர் அமைந்த இடத்தில் குறையில்லை, தண்ணீர்தான் கெட்டிருக்கிறது, நிலம் விளையவில்லை என்கிறார்கள். எலிசா அவர்கள் வீட்டுக் குடங்களைக் கொண்டுவரச் சொல்லவில்லை. புதுக் கிண்ணத்தில் உப்பு வாங்கிக்கொண்டு நேரே ஊற்றுக்குப் போகிறார்.

உப்பு என்றதும் நம்மில் பலருக்கு வேறு உப்பு நினைவுக்கு வரும். வெடியுப்பு, பச்சை உப்பு. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கமிருந்து விடியுமுன் வேன் ஏறி, சாத்தூர், சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்குப் போகிறவர்கள் இந்தக் கோயிலிலும் இருக்கிறீர்கள். நற்கருணை வாங்க நீட்டும் கையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் வெள்ளியாக மினுங்கும்.

பச்சை உப்பு என்பது பேரியம் நைட்ரேட். பட்டாசில் பேரியம் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை போட்டது. அந்த வழக்கு டெல்லிக் காற்றைப் பற்றியது. நம் கரிசல் மண்ணுக்கு யார் வழக்குப் போடுவது? மிஞ்சிய மருந்தையும் கழிவையும் திறந்தவெளியில் கொட்டிக் கொளுத்திவிட்டு, எல்லாம் புகையாகப் போயிற்று என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். உலோகம் புகையோடு ஒழிந்துபோகாது, சாம்பலில் கிடக்கும். பட்டாசு மருந்தில் எரியாமல் தப்பிய பெர்குளோரேட் என்ற உப்பு மழைத் தண்ணீரில் கரைந்து கிணற்றுக்கு இறங்கும். அது உடம்பில் சேர்ந்தால் தைராய்டுக்கு அயோடின் கிடைப்பது குறையும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும்தான் ஆபத்து அதிகம்.

ராணுவம் சுட்டுப் பழகும் நிலங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கேப் காட் என்ற இடத்துப் பயிற்சித் தளத்தில், முழுதாக வெடிக்காத குண்டுகளின் ஆர்டிஎக்ஸ் மருந்து நிலத்தடி நீர்வரை போயிருந்தது. 1997-ல் அங்கே பீரங்கிப் பயிற்சியையே நிறுத்த வேண்டியதாயிற்று. துப்பாக்கித் தோட்டாவின் உள்ளே இருப்பதோ ஈயம்.

அவ்வளவு தூரம் போவானேன்? புதுக்கோட்டை நார்த்தாமலை. 2021 டிசம்பர் 30 அன்று, அங்கிருந்த பயிற்சித் தளத்திலிருந்து பறந்த தோட்டா 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ல் அவன் இறந்தான். அந்த ஒரு தோட்டாவைப் பற்றி நாடே பேசியது, பேசவேண்டியதுதான். மண்மேட்டில் புதைந்து கிடக்கும் மற்றத் தோட்டாக்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கடவுளைக் கூப்பிட்டதாகத் தொடக்க நூல் சொல்கிறது. ஈயத்துக்கு அந்தக் குரல் கிடையாது.

நம் காரியாபட்டிப் பக்கம் ஆவியூர்க் கல்குவாரியில் 2024 மே 1 அன்று வெடிமருந்து வெடித்து மூன்று பேர் போனார்கள். பாறை உடைக்கும் அந்த மருந்திலும் அமோனியம் நைட்ரேட் உண்டு. வெடிக்காமல் சிதறுவது கரைந்து ஓடி நைட்ரேட்டாகத் தண்ணீரில் சேரும்.

ஆலையை மூடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மழை பொய்த்த வருசங்களில் உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பணத்தைக் கட்டியது அந்தக் கூலிதான், எனக்குத் தெரியும். எரிகோக்காரர்களும் ஊரைக் காலி செய்துவிட்டு ஓடவில்லை. குறையை வாய்விட்டுச் சொன்னார்கள். நாமோ, சொன்னால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். இந்தத் தவக்காலத்தில் கறி சாப்பிடாமல் இருப்பதைவிட இந்தப் பயத்தை விடுவது கடினம்.

தாய்மார்களே, மருந்து ஒட்டிய வேலைத் துணியைப் பிள்ளைகளின் துணியோடு ஊறப்போடாதீர்கள், கண்மாயில் அலசாதீர்கள். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராமசபைக்கு வீட்டுக்கு ஓர் ஆளாவது போங்கள். கழிவு கொளுத்துகிற இடத்தை ஒட்டிய கிணறுகளில் பேரியம், பெர்குளோரேட், நைட்ரேட் மூன்றையும் சோதிக்கத் தீர்மானம் கேளுங்கள். மனு எழுதி வைத்திருக்கிறேன். பூசை முடிந்ததும் வாசலில் நிற்பேன், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.