தட்டில் எழுதிய விரல்

விஜயதசமியன்று காலை, ஆண்டிமடத்தில் ஒரு வீடு. தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பியிருக்கிறது. தாத்தாவின் மடியில் மூன்று வயதுப் பேத்தி. அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து முதலில் பிள்ளையார் சுழி போடுகிறார், அடுத்து 'அ'. அவள் கண்ணெல்லாம் பக்கத்துத் தட்டுச் சுண்டலில். வளைவு வரும்போது விரல் விறைத்துக்கொள்கிறது. தாத்தா லேசாக அழுத்துகிறார். நாலு அரிசி தரையில் சிதறுகிறது. "எழுதிட்டாளே!" என்று வீடே கைதட்டுகிறது.

எழுதியது யார்?

சைவ சித்தாந்தம் 13-ஆம் நூற்றாண்டிலேயே கையிலெடுத்த முடிச்சு இது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் கண்ணை உவமையாக்குகிறது. கண்ணுக்குப் பார்க்கும் திறன் உண்டு. ஆனால் உயிர் கூட இருந்து காட்டினால்தான் அது காணும். உயிருக்கு இறைவனும் அப்படித்தான். இதைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். காட்டிவிட்டு விலகிவிடுவதில்லை, கூடவே காணவும் செய்கிறது அருள். அதற்காக உயிர் வெறும் எழுதுகோலாகிவிடாது. தாத்தா பிடிக்குள் விரல் விறைக்கிறதே, குச்சி விறைக்குமா?

சரி, அரிசியில் போட்ட அந்த 'அ'வின் புனிதம் எழுத்தின் வடிவத்தில் இருக்கிறதா? ஆண்டிமடம் இருக்கும் அரியலூர் மாவட்டத்துக்காரர்கள் 'ஆமாம்' என்று சொல்லுமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதே மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலைக் கட்டிய வீரமாமுனிவர் (1680–1747) இத்தாலியிலிருந்து வந்த சேசு சபைத் துறவி. ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதும் வழக்கத்தால் 'கெ', 'கே' இரண்டும் ஒன்றுபோலக் கிடந்த காலம். கொம்பைச் சுழித்து நெடிலைத் தனியே காட்டியவர் அவர்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாக்கைத் துருத்திக்கொண்டு போடும் இரட்டைக் கொம்பில் அந்தப் பாதிரியாரின் கை இருக்கிறது. அடுத்த பெரிய திருத்தம் கடவுள் இல்லை என்ற பெரியாருடையது. 1935-இல் 'குடி அரசு' இதழில் அவர் புழங்கவிட்ட எழுத்துகளில் பெரும்பாலானவற்றை 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. யானைத் துதிக்கைபோல வளைந்த பழைய 'லை'யும் 'னை'யும் பாடப்புத்தகத்தைவிட்டுப் போயின. சரஸ்வதி கோபித்துக்கொண்டதாகச் செய்தி இல்லை.

ஆண்டிமடத்துக்குத் தெற்கே, கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் எழுப்பிய கோயிலின் வடக்கு வாசலருகே ஞான சரஸ்வதி அமர்ந்திருக்கிறாள். கையில் வீணை கிடையாது, சுவடி உண்டு. அந்தக் கோயிலின் கல்வெட்டுத் தமிழை, இன்றைக்குத் தமிழாசிரியரே பழகாமல் படித்துவிட முடியாது. கல்லில் வெட்டியதற்கே அந்தக் கதி.

அரிசியில் எழுதியது அவ்வளவு நேரம்கூட இருப்பதில்லை. மதியத்துக்குள் தாம்பாளத்து அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிடுகிறார்கள். முதல் 'அ' பொங்கலாகி எல்லார் வயிற்றுக்கும் போய்ச் சேர்கிறது.

சாயங்காலம் பேத்தி வாசல் செம்மண்ணில் குந்தி ஏதோ சுழிக்கிறாள். அது 'அ'வும் இல்லை, 'உ'வும் இல்லை. தாத்தா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கையை நீட்டவில்லை.