பங்கும் சேறும்

2024 ஏப்ரல் 16. அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீற்றர் மழை. 1949இல் பதிவுகள் தொடங்கியபின் அந்நாடு கண்டிராத மழை. நகரம் மீண்டுவிட்டது என்றார்கள். மீட்டவர் யார்? சேறு வாரிய கைகளில் பல, எம்மைப்போல் விசாவில் வந்தவை.

அல் ஐனின் பழைய ஏற்பாடு பலாஜ். நிலத்தடி நீரைப் பேரீச்சந் தோட்டங்களுக்குக் கொணரும் வாய்க்கால். ஹீலியில் அகழ்ந்தெடுத்தது ஏறத்தாழ 3000 ஆண்டுப் பழசு. நேரக்கணக்கில் நீரைப் பங்கிட்டார்கள். தூர்வாரும் பொறுப்பும் பங்காளிகளுடையதே. யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணறும் அப்படித்தான். காணி உறுதியில் எழுதிய பங்கு, முறைவைத்து இறைப்பு. (சண்டைகளும் உண்டு, மறைப்பானேன்?) கிணறு கலக்கி இறைக்கும் நாளில் சண்டைக்காரனும் வந்து நிற்பான்.

பங்கிலிருந்தே கடமை பிறக்கிறது என்பது இவற்றின் நியாயம். அப்படியானால், வேலை போனால் விசாவும் போகும் எமக்கு இந்நகரிடம் என்ன கடமை?

அன்றிரவு கீழ்த்தள அறைகளுக்குள் வெள்ளம். அங்கிருந்தவர்கள் எந்த நாட்டவர் என்றுகூட எமக்குத் தெரியாது. சோற்றுப் பானையோடு இறங்கினோம். பங்கு பற்றி எவரும் யோசிக்கவில்லை. பானைக்குச் சொந்தக்காரரின் விசா ஓகஸ்ட்டில் முடிந்தது.