எலுமிச்சைக் கன்றும் ஒரு வழக்கும்

குழந்தைகளுக்கு ஜீவராசிகளைப் பற்றிய ஞானம் உண்டாக வேண்டுமானால் அவர்களைத் தோட்டத்தில் விடவேண்டும் என்று கல்வியாளர்கள் சொல்லத் தொடங்கி வெகுகாலம் ஆயிற்று. 1837-ல் ஜெர்மனியில் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கான கல்விச்சாலையைத் தொடங்கிய ஃபுரோபெல், ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென்று ஒரு சிறு பாத்தியும், அவற்றைச் சுற்றி எல்லோருக்கும் பொதுவான பாத்திகளும் அமைய வேண்டும் என்று வகுத்தார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மாண்டிசோரி அம்மையாரும் செடிகளையும் பிராணிகளையும் பேணுவதைக் கல்வியின் ஓர் அங்கமாகவே கொண்டார். நம் பள்ளிக்கூடங்களில் இந்த உயர்ந்த கொள்கை எப்படியோ தேய்ந்து தேய்ந்து, ஈரப் பஞ்சில் ஓர் அவரை விதையை முளைக்கவைக்கும் பரிசோதனையாகக் குறுகிவிட்டது. முளை கிளம்பியதும் படம் வரைந்து, மதிப்பெண் வாங்கி, பஞ்சோடு சேர்த்து அதைக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். செடி பிழைக்கத் தொடங்கும் இடத்தில் பாடம் முடிந்துவிடுவது எனக்கு விசித்திரமாகவே படுகிறது.

மண்ணில் ஊன்றிய அவரை அத்தனை எளிதில் குழந்தையை விட்டுவிடுவதில்லை. ஊன்றிய மறுநாளே தோண்டிப் பார்க்கத் துடிக்கும் கைகளை அது காக்கவைக்கிறது; இரண்டாகப் பிளந்த பருப்பு மண்ணைக் கீறி மேலே எழுந்து, இலைகள் விரிய விரியத் தான் வற்றிச் சுருங்கி உதிர்வதைக் காட்டுகிறது; ஆடிப் பட்டத்தில் பந்தலேறிய பிறகும், பனிக்காலம் வருமுன் பூக்க மாட்டேன் என்று பிடிவாதம் செய்கிறது. இவையெல்லாம் மனத்துக்கு இதமான பாடங்கள். ஆனால் தோட்டம் போதிப்பது இதமானவற்றை மட்டுமல்ல என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

என் பேத்தி தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த எலுமிச்சைக் கன்றின் தளிரில் ஒருநாள் காக்கை எச்சம்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அது எச்சமன்று, புழு. பறவைகளின் கண்ணுக்குத் தப்ப இளம்பருவத்தில் அந்த வேஷம் போட்டுக்கொண்டு, உடல் பெருத்ததும் தோலை உரித்து இலையின் பச்சையையே பூண்டுகொள்கிற சாமர்த்தியம் அதற்கு உண்டு. பச்சையாகிவிட்ட ஒன்றை அவள் ஈர்க்குச்சியால் தொட்டாள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில், பிளவுபட்ட கொம்பு ஒன்று சரேலென்று நீண்டது. கூடவே மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி. அலறிப் பின்வாங்கியவள், சற்று நேரத்தில் நடு நரம்பு மட்டும் மிஞ்சியிருந்த இலைகளைப் பார்த்துவிட்டு, "இது என் செடிதானே தாத்தா, அது ஏன் தின்னுது?" என்றாள்.

இவ்விடத்தில் பெரியவர்களாகிய நாம் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்வது வழக்கம்: பூச்சி மருந்தைத் தேடி ஓடுவோம், அல்லது "பாவம், விட்டுவிடு" என்போம். இரண்டுமே குழந்தையின் கேள்வியை அதன் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் உபாயங்கள் என்பது என் அபிப்பிராயம். நான் பிரத்தியட்சத்தை மட்டும் சொன்னேன்: அந்தப் புழு எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை போன்ற சில இலைகளையன்றி வேறெதையும் உண்ணாது, உண்டு வளர்ந்தால் கறுப்பும் மஞ்சளுமான வண்ணத்துப்பூச்சியாகும், கன்றோ சின்னது, இலைகள் எல்லாம் போனால் பிழைப்பது அரிது. வெகுநேரம் யோசித்து, இலையோடு கிள்ளி அத்தனை புழுக்களையும் கொல்லைக் கோடியில் நிற்கும் பெரிய நாரத்தை மரத்துக்கு அவளே குடிபெயர்த்தாள். அந்த மரத்துக்குச் சில இலைகள் போனால் ஒன்றுமில்லை என்பது அவள் கட்சி.

இத்தோடு நின்றிருந்தால் நீதிக்கதையாகியிருக்கும். மறுநாள் நாரத்தைக் கிளையில் ஓர் ஓணான் வந்து உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் பகையாயிருந்த புழுக்கள் ஒரே இரவில் அவளுடைய பிள்ளைகளாகிவிட்டபடியால், அவள் கல்லைத் தேடினாள். ஓணானைக் கண்டால் கல்லெடுப்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பரம்பரைப் பழக்கமாயிற்றே!

புல்லையும் மரத்தையும் ஓரறிவுடையவை என்று அடியில் வைத்து, மனிதனை ஆறறிவுடையவன் என்று உச்சியில் நிறுத்திய தொல்காப்பியரின் வரிசை எத்தனை நுட்பமானது! ஆயினும் குழந்தையின் தராசில் அந்த வரிசை செல்லுபடியாவதில்லை. அறிவின் எண்ணிக்கையை அவள் பார்க்கவில்லை. தான் எதற்குத் தண்ணீர் ஊற்றினாளோ, எதைக் கையால் தொட்டுத் தூக்கினாளோ, அதன் பக்கம் நின்றாள். வளர்ந்த நாம் மட்டும் வேறென்ன செய்கிறோம்? நமக்கு வேண்டியவற்றை ஜீவகாருண்யத்தின் எல்லைக்குள் வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குப் பூச்சி என்றும் களை என்றும் பெயரிடுகிறோம். பெயரிட்ட பிறகு கை கூசுவதில்லை. அவளுக்கோ புழு ஒரே நாளில் கட்சி மாறிவிட்டதால், ஓணானும் நாளைக்கு மாறக்கூடும் என்ற சந்தேகம் கல்லை எடுத்த கையில் இருந்தது.

"ஓணான் இலை தின்னாதா?" என்று கேட்டாள். பெரும்பாலும் பூச்சிதான் அதற்கு ஆகாரம் என்றேன். கல் கீழே விழுந்தது. ஆனால் சமாதானம் ஏற்படவில்லை. ஒரு கிளையை மட்டும் பழைய கொசுவலைத் துணியால் மூடிக் கட்டச் சொல்லி, அதற்குள் சில புழுக்களை விட்டு, மிச்சத்தை ஓணானுக்கு ஒதுக்கிவிட்டாள். எந்தப் புழு உள்ளே, எது வெளியே என்பதை எந்த நியாயத்தைக்கொண்டு தீர்மானித்தாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எலுமிச்சைக் கன்று இப்போது மறுபடி துளிர்க்கிறது. அது காய்ப்புக்கு வரச் சில வருஷங்கள் ஆகும், அதற்குள் இந்த வழக்கு இன்னும் எத்தனை முறை விசாரணைக்கு வருமோ!